கூரை திறக்கும் தேர்

அப்புத்தளைக் கடைத்தெருவில் நின்று தெற்கே நோக்கினால் நிலம் திடீரென்று முடிந்துவிடும். அதற்கப்பால் வானமும், வெகு ஆழத்தில் நீலம் படர்ந்த தாழ்நிலமுமே கண்ணுக்குப் புலப்படும். வடக்கே திரும்பினால் ஊவாவின் மலைகள் அலையலையாய் எழுந்து நிற்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின் ஒடுங்கிய விளிம்பில் அமைந்த ஊர் இது. பிற்பகலானால் பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூடுபனி, வாயிலில் நின்று அனுமதி கேளாமலே கடைகளுக்குள் நுழைந்துவிடும். பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு அரிசி நிறுக்கும் வணிகரை இங்கே காணலாம்.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, மேற்கூரையைத் திறந்து மடித்துவைத்துவிட்டு ஓட்டும் விலையுயர்ந்த மோட்டார் கார் ஒன்றைப் பற்றி, அதிலும் டீசல் எஞ்சின் பூட்டிய கார் ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பனிக்கும் மழைக்கும் அஞ்சிக் கூரை தேடுபவர்கள் நாங்கள். கூரையை நீக்கிக்கொள்வதற்காகப் பொருள் செலவிடுபவர்கள் வேறோர் உலகத்தவர். எனினும் கூரையில்லாத வண்டிகள் மூன்று என் வாழ்க்கையில் குறுக்கிட்டிருக்கின்றன. மூன்றாவதைக் கண்ட பிறகுதான் முதலிரண்டின் பொருளும் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

துரையின் கார்

நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பெரிய துரையிடம் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் இருந்தது. அதன் கூரை கித்தான் துணியால் ஆனது. மழை ஓய்ந்து வெயில் காயும் காலை வேளைகளில் துரை அந்தத் துணியைப் பின்னால் மடித்துவிட்டு, பக்கத்து இருக்கையில் நாயை அமர்த்திக்கொண்டு மலைகளைப் பார்வையிடப் புறப்படுவார். வண்டியின் ஒலி கேட்டதும் ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். பெண்கள் குடையை மடக்கிக்கொண்டு கானுக்குள் இறங்கி ஒதுங்குவார்கள். துரையின் தலைக்கு மேலே கூரை இல்லாதபோது நமது தலைக்கு மேலே குடை இருத்தலாகாது என்பது அக்காலத்து நியதி போலும்!

சிறுவனாகிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்வளவு பெரிய துரைக்குக் கூரை போட்ட கார் வாங்கப் பணமில்லையா? அப்பாயியிடம் கேட்டேன்.

“அட போ ராசா! கூரை இருக்கிறவன்தானே கூரையைக் கழற்றி வைக்கலாம்” என்றாள் அவள்.

அந்தக் கார் பெற்றோலில் ஓடுவது. ஏற்றத்தில் அது படும் பாடு சொல்லி முடியாது. பீலிக்கரை அருகே வந்ததும் நீர் கொதித்து ஆவி சீறும். சாரதி இறங்கித் தண்ணீர் ஊற்றுவார். வண்டி பழையது என்று எல்லாரும் சொன்னார்கள். அதனோடு வேறொரு காரணமும் உண்டு என்பதைப் பிற்காலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கப் புகுந்தபோதுதான் அறிந்தேன். எங்கள் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே இழுத்து மூச்சுவிடும் எஞ்சினுக்கு மலையேற ஏற மூச்சு முட்டுகிறது. பலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. கொழும்பில் சிங்கமாகப் பாயும் வண்டி அப்புத்தளையில் தளர்வது இதனால்தான்.

கொழுந்து லொறி

இரண்டாவது வண்டி, தோட்டத்துக் கொழுந்து லொறி. மடுவத்தில் நிறுத்த பச்சைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குக் கொண்டு செல்வது அதன் வேலை. மேலே கூரை கிடையாது. அது டீசல் வண்டி. விடியற்காலையில் அது உறுமத் தொடங்கினால் லயம் முழுவதும் விழித்துக்கொள்ளும். ‘கடகட’வென்ற அந்த ஒலியும் கரும்புகையின் மணமும் எங்கள் குழந்தைப் பருவத்தோடு ஒட்டியவை.

அக்காலத்தில் டீசல் என்பது மலையகத்திற்கு ஒரு புதிய வலிமையாக வந்துகொண்டிருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் ரயில் எஞ்சின்கள் 1954 இல் இலங்கைக்கு வந்தன. ‘ஒன்டாரியோ’, ‘ஆல்பெர்ட்டா’ என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பெற்றிருந்தன. 44 அடி சென்றால் ஓரடி உயரும் மலைப்பாதையில், 1,898 மீற்றர் உயரமுள்ள பட்டிப்பொலை உச்சியை அவை தாண்டி வந்ததை ஸ்டேஷன் வேலிக்கு வெளியே நின்று நாங்கள் வாய்பிளந்து பார்த்ததுண்டு.

1964 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்களுள் எத்தனை பேர் இந்தியாவுக்கு உரியவர், எத்தனை பேர் இலங்கைக்கு உரியவர் என்று இரு நாட்டுத் தலைவர்களும் கணக்கிட்டு, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாதம் அது. 5,25,000 பேர் அந்தக் கரைக்கு, 3,00,000 பேர் இந்தக் கரைக்கு என்று எண்கள் பேசப்பட்டுக்கொண்டிருந்த நாளொன்றில், எந்தக் கணக்கிலும் இன்னும் சேராத ஓர் உயிர் எங்கள் காம்பிராவில் பிறக்க முயன்றுகொண்டிருந்தது. என் தாய்க்குப் பிரசவ வேதனை முதல்நாள் இரவே தொடங்கிவிட்டது. மருத்துவிச்சி கையை விரித்தாள். மருந்துக் காம்பிராவில் இருந்தவர், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். துரையின் கார் பங்களாவில் நின்றது. அதைக் கேட்கும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை.

கொழுந்து லொறிதான் வந்தது. வெற்றுச் சாக்குகளை விரித்துத் தாயைக் கிடத்தினார்கள். மழை விடாமல் பெய்தது. நான்கு பெண்கள் பக்கத்துக்கு ஒருவராக நின்று, கொழுந்தெடுக்கும்போது தாங்கள் போர்த்துக்கொள்ளும் கம்பளி ஒன்றின் நான்கு முனைகளையும் பிடித்துக் கூரையாக்கினார்கள். மழைநீரில் ஊறிய கம்பளி எவ்வளவு கனக்கும் என்பது மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். நடுப்பகுதி தொய்ந்து, தாயின் முகத்தில் நீர் சொட்டியது. ஒன்பது வயதுச் சிறுவனாகிய நான் மூலையில் ஒடுங்கியிருந்து அதைப் பார்த்துக்கொண்டே சென்றேன்.

லொறி ஒரு முறையும் திணறவில்லை. சேறும் கல்லுமான ஏற்றத்தில், முதலாம் கியரில், ஒரே சீராக உறுமிக்கொண்டு அது ஏறிற்று. தாய் பிழைத்தாள். தங்கை பிழைக்கவில்லை. அந்த வண்டியை நான் ஒருநாளும் பழித்ததில்லை. அது தன்னால் இயன்றதைச் செய்தது. அதற்கு ஒரு கூரை மட்டும் இல்லை.

மூன்றாவது வண்டி

ஆண்டுகள் பல கழிந்தன. நான் ஆசிரியனாகி ஓய்வும் பெற்றேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஜெர்மனியில் குடியேறி, மோட்டார்ப் பட்டறை ஒன்றில் தேர்ந்த தொழிலாளியாக இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அவன் என்னை வருவித்து, ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றான்.

அங்கே டீசல் காரின் வரலாற்றைக் கண்டேன். 1858 இல் பாரிசில் பிறந்த ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர், 1897 இல் ஆக்ஸ்பர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கை அது பயனுள்ள வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி எஞ்சின்கள் எட்டாத அளவு அது. அதன் தத்துவத்தை என் வகுப்பில் சைக்கிள் பம்பைக் கொண்டு விளக்குவதுண்டு. பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அழுத்தினால் அடிப்பாகம் சுடும். டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு இடத்திற்குள் நெருக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது, தீப்பொறி வேண்டியதில்லை. 1913 இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கப்பலிலிருந்து மறைந்து கடலில் உயிர்நீத்த அப்பெரியார், தமது எஞ்சின் காருக்குள் புகுந்ததைக் காணவில்லை.

காருக்குள் அது தொழிற்சாலை உற்பத்தியாகப் புகுந்தது 1936 இல். ‘மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி’ என்பது அதன் பெயர். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், 45 குதிரைவலு, மணிக்கு 95 கிலோமீற்றர் அளவில் வேகம். நூறு கிலோமீற்றருக்கு ஒன்பதரை லிட்டர் டீசல் போதுமாயிருந்தது. இதில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. முதன்முதல் விற்பனைக்கு வந்த 260 டி வண்டிகள், பின்னிருக்கைக்கு மேலே மட்டும் கூரை மடியும் வாடகைக் கார்களாகும். டீசல் காரின் பிறப்பே கூரை திறக்கும் வண்டியாக, ஆனால் செல்வருக்கன்றிச் சிக்கனம் தேடிய வாடகைச் சாரதிகளுக்காக நிகழ்ந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

“சேர், இதன் பேரப்பிள்ளையில் நாளைக்கு உங்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன்” என்றான் மாணவன்.

மறுநாள் அவன் கொண்டுவந்து நிறுத்தியது ‘எஸ்.எல்.கே. 250 சி.டி.ஐ.’ என்னும் இருவர் அமரும் கார். அதே நிறுவனம் 2011 இல் வெளியிட்டது. எஸ்.எல்.கே. இனத்தில் டீசல் எஞ்சின் பூட்டப்பெற்றது அதுவே முதன்முறை. மாணவன் அதைப் பழையதாக வாங்கித் தன் கையாலேயே செப்பனிட்டிருந்தான். தாத்தாவைவிடச் சிறிய எஞ்சின்தான், 2.1 லிட்டர். ஆனால் அதன் வலு 204 குதிரைகள்! எழுபத்தைந்து ஆண்டுகளில் மனித அறிவு அதே அளவு இரும்புக்குள் நான்கு மடங்குக்கு மேல் வலுவை ஏற்றியிருக்கிறது.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை அது ஏழு விநாடிக்குள் எட்டுகிறது. உச்ச வேகம் 240 கிலோமீற்றருக்கு மேல். அது உண்ணும் எண்ணெயோ, உற்பத்தியாளர் கணக்கின்படி, நூறு கிலோமீற்றருக்கு ஐந்து லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் மலைநாட்டான் கவனிக்கவேண்டியது வேகத்தையன்று, திருப்பு விசையை. அது 500 நியூட்டன் மீற்றர் என்றான் மாணவன். மாணவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், ஒரு மீற்றர் நீளமுள்ள கடப்பாரையின் முனையில் ஏறக்குறைய 51 கிலோகிராம், அதாவது ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. அக்காலத்து எஸ்.எல்.கே. 200 என்னும் பெற்றோல் வண்டிக்கு 270 தான். மேலும் இந்த முறுக்கு எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. எங்கள் கொழுந்து லொறி திணறாமல் ஏறியதன் இரகசியமும் இதுவே. புதிய வண்டியில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: புகையின் வேகத்தாலேயே சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் டர்போ என்னும் காற்றாடி. மெலிந்த காற்றையும் திணித்துக் கொடுப்பதால், துரையின் காருக்கு மலையில் முட்டிய மூச்சு இதற்கு முட்டுவதில்லை.

திறந்த காரில் டீசல் எஞ்சினைப் பூட்ட உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் தயங்கியதற்கு அதன் ஓசையே காரணம். கூரையை மடித்துவிட்டுக் குயிலோசை கேட்க விரும்பும் செல்வருக்கு லொறியின் ‘கடகட’ எப்படிப் பிடிக்கும்? 1997 முதல் கார்களில் பரவிய பொதுக்குழாய் முறை இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. எண்ணெய் பேரழுத்தத்தில் ஒரே குழாயில் தேங்கி நிற்கிறது. இந்த வண்டியில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 2,000 மடங்கு வரை செல்லும். அங்கிருந்து முதலில் ஒரு துளி, பிறகு பெருந்தூவல் என்று பகுத்துத் தெளிப்பதால் எரிதல் திடீர் வெடிப்பாகாமல் மென்மையாகத் தொடங்குகிறது. எனினும் சமிக்ஞை விளக்கின்முன் நின்றபோது அந்தப் பழைய உறுமல் மெல்லக் கேட்கத்தான் செய்தது. காரை விமர்சிப்பவர்கள் அதைக் குறையாக எழுதினார்கள். எனக்கோ அது வீட்டு நினைவாக இருந்தது.

இருபது விநாடி

கருங்காட்டு மலைகளின் மேலே செல்லும் புகழ்பெற்ற பெருஞ்சாலையில் சென்றோம். இருமருங்கும் ஊசியிலை மரங்கள். ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தை அந்தச் சாலை தொடுகிறது என்று மாணவன் பெருமையோடு சொன்னான். “நம் வீட்டு முற்றமே அதைவிட உயரமல்லவா, தம்பி!” என்றேன். இருவரும் சிரித்தோம்.

கூரை பின்னே மடிந்திருந்தது. அது துணிக்கூரை அன்று. உறுதியான தகட்டுக் கூரை. மடிந்ததும் பொருட்பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறது. அதனால் 335 லிட்டர் கொள்ளும் பெட்டி 225 ஆகச் சுருங்குகிறது. மலைக்காற்று குளிர்ந்தது. மாணவன் ஒரு பித்தானை அழுத்தினான். தலையணையின் கீழேயுள்ள துளையிலிருந்து என் கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பான காற்று வீசத் தொடங்கியது. திறந்த காரில் செல்பவரின் பிடரி குளிராதிருக்கச் செய்த ஏற்பாடாம் அது! குளிரில் நடுங்குகிறதோ என்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதை என் நினைவுக்கு வந்தது. பேகனுக்கு மயிலின்மேல் இரக்கம். இங்கே இரக்கத்தைப் பொருளாகச் செய்து விற்கிறார்கள். கொள்ளத் தக்கவர் கொள்ளலாம்.

திடீரென்று மழை இறங்கிற்று. முதல் துளிகள் என் நெற்றியில் விழுந்தபோது, சொல்ல வெட்கமாயிருக்கிறது, என் உடம்பு பதறிவிட்டது. “கூரையை மூடு தம்பி, மூடு!” என்று கத்திவிட்டேன். அவன் திகைத்து, ஓரமாக வண்டியை நிறுத்திப் பித்தானை இழுத்தான். பொருட்பெட்டி வாய்திறந்தது, தகடுகள் எழுந்து விரிந்தன, தலைக்கு மேலே வந்து பொருந்தி ஓசையின்றிப் பூட்டிக்கொண்டன. இருபது விநாடிகூடச் செல்லவில்லை. மழை வெளியே நின்றுவிட்டது.

மாணவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “ஏன் சேர் அழுகிறீர்கள்?” என்று கேட்டான். கம்பளியின் கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். அவனும் லயத்தில் பிறந்தவன். வேறு விளக்கம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அதன்பின் திரும்பும்வரை அவன் கூரையைத் திறக்கவேயில்லை.

புகையும் பொறுப்பும்

இந்த எஞ்சினைப் புகழ்ந்து எழுதியதால் அதன் குற்றத்தை மறைத்ததாகக் கொள்ளவேண்டாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. 2015 இல் வோக்ஸ்வாகன் நிறுவனம், பரிசோதனையின்போது மட்டும் புகையை அடக்கிக் காட்டும் கள்ளக் கட்டளையைத் தன் டீசல் கார்களில் புகுத்தியிருந்தது வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகள் அதில் சிக்கின. கூரை திறக்கும் டீசல் பீட்டில் கார்களும் அவற்றுள் அடங்கும். டீசல் காரின் மதிப்பு அத்தோடு சரிந்தது. எஸ்.எல்.கே. இனமும் 2016 இல் எஸ்.எல்.சி. என்று பெயர் மாறி, 2020 இல் உற்பத்தி நின்று ஓய்ந்தது. செல்வரின் டீசல் தேர் சில ஆண்டுகளே ஓடிற்று.

ஆனால் எங்கள் மலைகளில் டீசல் ஆடம்பரப் பொருளன்று. 2021 இன் இறுதியில் லிட்டர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஆனி மாதத்தில் 460 ரூபாவாக உயர்ந்தது. அதையும் வாங்க வரிசையில் இரவு பகலாகக் காத்திருக்க நேர்ந்தது. பஸ் நின்றால் பள்ளிக்கூடம் காலியாகும். லொறி நின்றால் பறித்த கொழுந்து வாடிக் கெடும் என்பதை அப்போது எல்லாரும் உணர்ந்தோம். இன்று ஒரு நன்மையும் உண்டு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை, இந்தியாவின் நன்கொடையுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஊவாவுக்கும் வந்தது. என் தாய்க்குக் கிட்டாத கூரை அது. பெருந்தெருவிலிருந்து லயம்வரை செல்லும் கற்பாதை இடங்கொடுத்தால் அது வாயிலுக்கே வரும்.

பறம்புமலைப் பாரி ஏறிச்சென்ற தேரின் வேகம் என்னவென்று எந்தப் புலவரும் நமக்குச் சொல்லிச் செல்லவில்லை. பற்றிப் படரக் கொழுகொம்பின்றி ஒரு முல்லைக்கொடி தவிக்கக் கண்டு, அவன் அந்தத் தேரை அங்கேயே விட்டு நடந்தான் என்பதைத்தான் ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இருபது விநாடியில் விரியும் கூரையைச் செய்த அறிவை நான் மெச்சுகிறேன். அந்த அறிவு யாருடைய தலைக்காக முதலில் செலவிடப்படவேண்டும் என்பதே என் கேள்வி.

சென்ற மாதம் ஒரு மாலை, கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் பெட்டி மெல்ல ஏறி வந்தது. நான்கு பெண்கள் எழுந்து நின்று, ஒரு நீலப் பிளாஸ்டிக் விரிப்பின் நான்கு முனைகளையும் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். நடுவே நீர் தேங்கித் தொய்ந்திருந்தது. அதன் கீழே ஒரு சிறுமி புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் திணறாமல் ஏறி, வளைவில் திரும்பி, பனிக்குள் மறைந்தது. அதன் உறுமல் ஓயும்வரை நான் குடையை விரிக்காமல் நின்றேன்.